ஸ்டெப்னியில் ஒரு வெள்ளைக் கோடு

அக்டோபர் 16, புதன்.

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு இருக்கிறது. முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

டயர்க் கடைக்காரரின் மனைவி நேற்று எங்கள் தனியார் விபத்து விசாரணை அலுவலகத்துக்கு வந்தார். "அந்த நாலு பழைய டயரையும் என் வீட்டுக்காரர் கையால தொட்டிருக்கவே மாட்டாரு மேடம்" என்று சொல்லி அழுதார். சொன்னபடியே எழுதிக்கொண்டேன். அவர் போன பிறகு போலீஸ் அறிக்கையைப் பார்த்தேன். அதில் வெடித்த டயர் ஒன்றைப் பற்றி மட்டும்தான் இருந்தது. அழுகிறவர்கள் கூட்டித்தான் சொல்வார்கள் என்று நினைத்து, 'நாலு' என்பதை அடித்துவிட்டு 'ஒரு' என்று திருத்தினேன்.

மாலை வகுப்பில் சாட்சியச் சட்டம் நடத்துகிறவர் முதல் நாளே சொன்ன விஷயம் இது. சாட்சி சொன்னதை எழுது, சாட்சி சொல்லியிருக்க வேண்டியதை எழுதாதே. அன்றைக்கு அதை அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டவன் நான்தான்.

சின்னத் தவறு என்று காலையில் நினைத்தேன். இப்போது மாலை ஆறரை. இப்போது அப்படி நினைக்கவில்லை.

வழக்கு இதுதான். போன சனிக்கிழமை மழையில், மலைச்சாலையின் ஏழாவது வளைவில், பெண் கால்நடை மருத்துவர் ஒருவரின் ஃபோர் வீல் டிரைவ் ஜீப் பின் டயர் வெடித்துப் பள்ளத்தில் உருண்டது. மருத்துவர் இறந்துவிட்டார். முப்பத்தெட்டு வயது. மூன்று நாள் முன்னால்தான் வண்டிக்குப் புது டயர்கள் மாற்றியிருந்தார். ஆனால் வெடித்த டயரில் இருந்த தேதி எண்ணைப் பார்த்தால் அதன் வயது ஒன்பது வருடம். புதுசு என்று பில் போட்டுப் பழசை மாட்டிவிட்டான் என்று ஊரே கொதித்தது. சனிக்கிழமை மாலையே கடைக்காரரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவர் வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காவல் முடிந்து நாளை மறுபடி நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள்.

"குத்தம் செஞ்சவன் கத்துவான். செய்யாதவன் அதைவிட ஜாஸ்தி கத்துவான்" என்றார் என் முதலாளி மேடம் காலையில், காரை எடுத்தபடி. "இந்தாளு ஏன் கத்தல?"

"தொண்டை கட்டியிருக்கும் மேடம். மழைக்காலம்."

மேடம் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பதினாறு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கின வண்டிகளைப் பார்த்தவர். மனிதர்களையும் அப்படித்தான் பார்ப்பார், எந்த இடத்தில் உடைந்திருக்கிறது என்று. என்னை 'நோட்டு' என்று கூப்பிடுவார். என் வாய் எப்போதும் என் மூளைக்கு அரை நிமிடம் முன்னால் கிளம்பிவிடும். அதனால்தான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன். எழுதும்போதாவது மூளை வந்து சேர்ந்துகொள்ளட்டும் என்று.

முதலில் போனது போலீஸ் பிடித்த வண்டிகளை நிறுத்தும் யார்டுக்கு. காவலாளி ஒரு கார் சீட்டைத் தரையில் போட்டு அதில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை பச்சை ரப்பர் பூட்ஸ். அனுமதிக் கடிதத்தை நீட்டியபோது பூட்ஸின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் 'டாக்டர்' என்று எழுதியிருந்ததைக் கவனித்தேன்.

"இது செத்துப்போனவங்க பூட்ஸா?"

"சைஸ் சரியா இருந்துச்சு" என்றார் கூச்சமே இல்லாமல். "அவங்க இனிமே எங்க நடக்கப் போறாங்க?"

"சீட்டும் அவங்களதுதானா?" என்று கேட்டார் மேடம்.

"உக்கார ஒரு நாற்காலி குடுத்திருந்தா நான் ஏன் கழட்டப் போறேன்?"

"சக்கரத்துல கை வெச்சீங்களா?"

"என்னம்மா, என்னைப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கு?" என்று அந்த பூட்ஸைத் தரையில் உதைத்துக்கொண்டு எழுந்தார்.

வண்டியைப் பார்க்க வேறு யாராவது வந்தார்களா என்று மேடம் விசாரித்தார். யாரும் வரவில்லையாம். டாக்டரின் கணவர்கூட வரவில்லை. அவர் இன்னமும் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாராம், வீட்டுக்குப் போகச் சொன்னால் எந்த வீட்டுக்கு என்று கேட்கிறாராம். காவலாளி இதை ஒரு நகைச்சுவை போலச் சொன்னார். "நீங்கதான் முதல் போணி" என்றார்.

ஜீப்பின் கூரை, மிதிபட்ட தகரப் பெட்டி போல அமுங்கியிருந்தது. பின்பக்கம் கன்று ஈனும் மாட்டுக்குக் கட்டும் கயிறுகள், ஒரு வாளி, உடைந்த மருந்துப் புட்டிகள். சக்கரங்கள் மட்டும் நான்கும் இருந்தன. வெள்ளை அலாய் ரிம். வெடித்த டயர் கிழிந்து தொங்கியது. மற்ற மூன்றும் பார்க்கக் கறுப்பாக, பள்ளம் ஆழமாக, நல்ல டயர் போலவே இருந்தன.

"தேதி எண்ணைப் படி" என்றார் மேடம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வெளிப்பக்கம் தேடினேன். இல்லை.

"உள்பக்கமா மாட்டியிருக்காங்க. நீதான் ஒல்லி, கீழ போ."

"மேடம், என்னை மூளைக்காகத்தான் வேலைக்கு எடுத்தீங்கன்னு நெனச்சேன்."

"மூளை வெளியவே இருக்கட்டும். கண்ணு மட்டும் போனாப் போதும்."

சேற்றில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்துப் படித்தேன். நான்கும் ஒன்பது வருடத்துக்கு முந்தையவை. பக்கத்தில் பார்த்தால் ரப்பரில் முடிபோல விரிசல்கள். மேலே கறுப்புப் பாலிஷ் தடவி மறைத்திருந்தார்கள்.

எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டபோதுதான் அது கண்ணில் பட்டது. காற்றடிக்கும் வால்வு பக்கத்தில், ரிம்மின் விளிம்பில், தீக்குச்சி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீறல். அடுத்த சக்கரத்திலும் அதே இடம். அதற்கடுத்ததிலும்.

"பள்ளத்துல உருண்ட வண்டி இவ்வளவு ஒழுங்கா கீறிக்குமா மேடம்? நாலுலயும் அளந்து வெச்ச மாதிரி இருக்கு."

மேடம் குனிந்து நகத்தால் சுரண்டினார். "கீறல் இல்ல. பெயிண்ட். ரிம் முடியற இடத்துல சரியா நின்னுபோகுது. ரப்பர்ல ஒண்ணும் இல்ல." நிமிர்ந்தார். "அஞ்சாவது எங்க?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. ஸ்டெப்னியைக் கேட்கிறார். வண்டியின் அடிவயிற்றில், பின்பக்கம், சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. போலீஸ் அதைப் பார்க்கவே இல்லை. மறுபடியும் சேற்றில் படுத்தேன்.

அங்கே கோடு முழுசாக இருந்தது. வால்வு பக்கத்தில் ரிம்மில் தொடங்கி, விளிம்பைத் தாண்டி, ரப்பர்மேல் ஏறி, விரல் நீளத்துக்கு ஒரே இழுப்பாக ஓடியது. டயர் புத்தம் புதுசு. எண் வெளிப்பக்கம். இந்த வருடம், முப்பத்தோராம் வாரம்.

"அஞ்சு சக்கரத்துக்கும் ஒருத்தர் புது டயர் மாட்டி, கோடு போட்டிருக்கார்" என்றார் மேடம். "அப்புறம் இன்னொருத்தர் நாலு டயரை மட்டும் கழட்டிட்டுப் பழசை மாட்டியிருக்கார். டயரோட சேர்ந்து பாதிக் கோடு போயிடுச்சு. மீதிப் பாதி ரிம்மிலயே நின்னுபோச்சு."

"அப்ப கடைக்காரர் தப்பு செய்யல!"

"அதை அவரே ஏன் சொல்லல?" என்றார் மேடம். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாதபோது நான் பேசிக்கொண்டே இருப்பேன். அப்போதும் ஏதோ பேசினேன். அதை எழுத அவசியம் இல்லை.

கடைக்குப் போனபோது பத்தரை. கடைக்காரர் மனைவி ஷட்டர் முன்னால் நின்று பெயிண்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். யாரோ சிவப்பு பெயிண்டில் 'கொலைகாரன்' என்று பெரிதாக எழுதியிருந்தார்கள். முதல் இரண்டு எழுத்து போயிருந்தது. மீதி இருந்தது.

உள்ளே டயர்கள் கூரை வரை அடுக்கியிருந்தன. ரப்பர் வாசனை. மேடம் நேராகக் கேட்டார். "டாக்டர் அந்த டயரை எப்படித் தேர்ந்தெடுத்தாங்க?"

அந்த அம்மாள் ஒரு அடுக்கைக் காட்டினார். "இதுமேலதான் ஒரு மணி நேரம் உக்காந்திருந்தாங்க. இவரு மூணு மாதிரி எடுத்துப் போட்டாரு. தார் ரோட்டு டயர் சத்தமே போடாது, ஆனா தொழுவத்துச் சேத்துல சறுக்கும். சேத்து டயர் எங்கயும் ஏறும், ஆனா ஈரமான தார்ல பிரேக் பிடிச்சா நிக்காது. ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணு இருக்கு. டாக்டரம்மா அதைத்தான் எடுத்தாங்க. 'எனக்கு ஏறினா மட்டும் போதாதுங்க, திரும்பி இறங்கி வரணும்'னு சொல்லிச் சிரிச்சாங்க."

மேடம் அந்த அடுக்கின்மேல் கை வைத்துப் பார்த்தார்.

"அஞ்சு எதுக்கு?"

"ஃபோர் வீல் டிரைவ் ஓட்டறப்ப நாலு சக்கரமும் ஒரே உயரமா இருக்கணும் மேடம். ஒண்ணு தேஞ்சும் ஒண்ணு புதுசாவும் இருந்தா உள்ள கியர் ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கிட்டு உடைஞ்சிடும். பாதி வழியில ஸ்டெப்னி மாட்டினாலும் அதே கதைதான். அதனால மாத்தினா அஞ்சும் சேர்த்துத்தான்னு இவரு பிடிவாதம் பிடிப்பாரு. ஆறு வருஷம் தாண்டின டயர்னா கையாலயே தொடமாட்டாரு. எண்ணை எப்பவும் வெளிப்பக்கம்தான் வெப்பாரு, நாளைக்கு எவனும் ஏமாத்தக் கூடாதுன்னு."

"கோடு?"

அவர் துணியைப் பிழிவதை நிறுத்தினார். ஒரு நொடிதான். "அது இவரு பழக்கம். காத்துக் குறைச்சு மலையில ஓட்டினா டயர் ரிம்முல வழுக்கும். கோடு விலகியிருந்தா கண்டுபிடிச்சிடலாம். வீட்டுல ஆணி அடிக்கணும்னாக்கூட கோடு போட்டுத்தான் அடிப்பாரு."

சுவரோரம் டயர் கழற்றும் மெஷின் நின்றது. அதன் பெடலைச் சும்மா காலால் மிதித்துப் பார்த்தேன். விட்டதும் தளர்ந்து மேலே வந்தது.

"அது நிக்காது தம்பி. ஸ்பிரிங் போயிடுச்சு. ஒருத்தர் மிதிச்சுக்கிட்டே இருந்தாத்தான் இன்னொருத்தர் கம்பி போட்டு டயரை எடுக்க முடியும். அவரு கம்பி பிடிப்பாரு, நான் மிதிப்பேன். பதினஞ்சு வருஷமா எங்க குடும்பமே இப்படித்தான் ஓடுது."

"ரிப்பேர் பண்ணலாமே?"

"பண்ணிட்டா நான் எதுக்கு?" என்று சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை.

போன புதன் மாலை டயர் மாட்டி முடித்ததும் வண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போனாராம் டாக்டர். மறுநாள் பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. ஆனால் வியாழன் விடியும் முன்பே ஒரு பண்ணையிலிருந்து பிரசவ வலியில் மாடு துடிக்கிறது என்று அழைப்பு வர, தன்னிடம் இருந்த சாவியைப் போட்டு வாசலில் நின்ற ஜீப்பை எடுத்துப் போய்விட்டார். அப்படியென்றால் டயர் மாறியது புதன் இரவு. மாறிய இடம் இந்தக் கடை.

"யார் மேலயாவது சந்தேகம் இருக்கா?" என்றார் மேடம்.

"டாக்டரோட வீட்டுக்காரர் மேலதான்" என்றார் அவர் உடனே. "ரெண்டு பேருக்கும் ஒத்தே போகாதுன்னு பேச்சு."

காரில் ஏறியதும் அதையும் எழுதிக்கொண்டேன். இந்தமுறை எதையும் திருத்தவில்லை.

"நோட்டு, ஒரு கேள்வி. நீ டயர் திருடன். அஞ்சு புது டயர் இருக்கு. நாலை எடுக்க ரிம்மோட மல்லுக்கட்டணும். அஞ்சாவதை ஒரு சங்கிலியைக் கழட்டினா எடுத்துடலாம். எதை விட்டுட்டுப் போவ?"

"எதையும் விடமாட்டேன். ஜாக்கியையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போவேன்."

"ஆனா இந்தாளு ஸ்டெப்னியை விட்டிருக்கார். எடுத்த நாலுக்குப் பதிலா நாலு மாட்டியும் வெச்சிருக்கார். இது திருட்டு இல்ல, இரவல். நாலு நல்ல டயர் மட்டும் ஒரு நாளைக்கு யாருக்குத் தேவைப்படும்?"

இதற்கு எனக்குப் பதில் தெரிந்தது. என் மாமா ஒருவர் வாடகை வேன் ஓட்டுகிறவர். வருடாந்திரத் தகுதிச் சோதனை வந்தால் நண்பன் வண்டி டயரை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு போவார், முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார். அந்தத் தொழிலில் அது ஒரு குற்றமாகவே யாருக்கும் தோன்றாது. சோதனை செய்கிறவரும் தரையில் இருக்கும் நான்கைத்தான் பார்ப்பார். ஸ்டெப்னியைப் பார்க்க அவர் குனிய வேண்டும்.

சோதனை மையத்தில் வியாழக்கிழமைப் பதிவேட்டைப் பார்த்தோம். அதே மாடல் ஜீப் அன்றைக்கு ஒன்றே ஒன்று. அதிகாரிக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"வண்டி கிழவன், டயர் மட்டும் மாப்பிள்ளை" என்றார். "போன மாசம் டயர் பழசுன்னு திருப்பி அனுப்பினேன். அந்த சைஸ் எங்கயும் கிடைக்கல, ரெண்டு மாசம் ஆகும்னு அழுதான். அப்புறம் பாத்தா புதுசா மாட்டிட்டு வந்துட்டான். அவனுக்கென்ன, சொந்த அக்கா புருஷனே டயர்க் கடை வெச்சிருக்காரு."

நான் பென்சிலைக் கீழே போட்டுவிட்டேன். மேடம் அதை எடுத்துக் கையில் கொடுத்தார்.

கடைக்காரரின் மைத்துனர் ஜீப் ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வயது இருக்கும். நாங்கள் யார் என்று அவருக்குத் தெரியாது. மேடம் சவாரி கேட்டார். "மலைக்கு மேல வரைக்கும் போகணும்."

அவர் பின்கதவைத் திறந்து இருக்கையைத் தட்டிவிட்ட நேரத்தில் நான் சக்கரங்களைச் சுற்றி வந்தேன். கறுப்பு இரும்பு ரிம். அதனால்தான் சக்கரத்தோடு மாற்றாமல் டயரை மட்டும் கழற்ற வேண்டியிருந்தது. டாக்டரின் வெள்ளை ரிம் ஊருக்கே தெரியும். எண் வெளிப்பக்கம், முப்பத்தோராம் வாரம், நான்கிலும். ஒவ்வொரு டயரிலும் விளிம்பு ஓரம் விரல் நீளத்துக்கு ஒரு இடம் மட்டும் சேறில்லாமல் பளிச்சென்று இருந்தது.

"டயர் உடம்பு முழுக்க அழுக்கு மேடம், அந்த ஒரு விரல் மட்டும் தின்னர்ல குளிச்சிருக்கு" என்று காதருகே சொன்னேன்.

"ஏறு."

மழை பிடித்துக்கொண்டது. ஐந்தாவது வளைவு வரை அவர் சளசளவென்று பேசினார். ஆறாவதில் பேச்சு குறைந்தது. ஏழாவதில் தடுப்புச்சுவர் உடைந்த இடத்தில் மூங்கிலைக் குறுக்கே கட்டியிருந்தார்கள். அதற்கு முந்தின திருப்பத்தில் மேடம், "கொஞ்சம் வேகமா போங்க" என்றார்.

"ரோடு ஈரமா இருக்குங்க."

"பரவாயில்ல, போங்க. இப்ப பிரேக் பிடிங்க!"

அவர் பயந்துபோய் மிதித்தார். ஜீப் ஒரு குலுக்கலோடு, சறுக்காமல், மூங்கிலுக்கு மூன்றடி முன்னால் நின்றது.

"அடேயப்பா" என்றார் மேடம், மெதுவாக. "என்ன பிடி பிடிக்குது. இந்த டயர் இருந்திருந்தா அந்த டாக்டரும் இப்படித்தான் நின்னிருப்பாங்க, இல்ல?"

துடைப்பான் கண்ணாடியில் இரண்டு தரம் போய் வந்தது. அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

"ஒரு நாளைக்குத்தாங்க..." என்றார். "காலையில எட்டு மணிக்கு சோதனை. ஒன்பதுக்குள்ள திருப்பி மாட்டிடலாம்னு இருந்தேன். நான் திரும்பி வந்தப்ப ஜீப் இல்ல. டாக்டரம்மா விடியக்காலையிலேயே எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அது வியாழக்கிழமை. அவங்க செத்தது சனிக்கிழமை. உங்ககிட்ட போன் இருக்கா?"

அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"இருக்கான்னு கேட்டேன்."

"இருக்குங்க."

"அவங்க நம்பர்?"

"எல்லார்கிட்டயும் இருக்குங்க." அழுதுகொண்டே சொன்னார். "திங்கக்கிழமை வீல் அலைன்மென்டுக்கு எப்படியும் கடைக்கு வருவாங்க, அப்ப மாத்திக்கலாம்னு... சொன்னா மாமா என்னைக் கொன்னே போட்டிருப்பாரு..."

"கொன்னிருக்க மாட்டார். ரெண்டு அறை விட்டிருப்பார்" என்றார் மேடம். "ரெண்டு அறைக்குப் பயந்து ரெண்டு நாள் சும்மா இருந்திருக்கீங்க. எண்ணை உள்பக்கமா திருப்பி, பாலிஷ் போடறதுக்கு மட்டும் நேரம் இருந்திருக்கு."

எனக்கு ஒரு பகடி நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். பள்ளத்தில் டாக்டரின் வெள்ளை அங்கி இன்னும் பாறையில் சிக்கியிருந்தது, அதன் கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"யார் யார் இருந்தீங்க?"

"நான் மட்டும்தாங்க. சத்தியமா நான் மட்டும்தான்."

"எட்டு ரிம்மிலிருந்து எட்டு டயர் கழட்டி, எட்டு டயர் மாட்டியிருக்கீங்க" என்றார் மேடம். "பெடலை யார் மிதிச்சது?"

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, "அக்காவை விட்டுடுங்க" என்றார்.

கீழே இறங்கும் வரை நான் நோட்டைத் திறக்கவில்லை.

நாங்கள் மறுபடி கடைக்கு வந்தபோது ஷட்டரில் எழுத்து எல்லாம் போயிருந்தது. சிவப்புக் கறை மட்டும் இருந்தது. தம்பி தலை குனிந்து எங்கள் பின்னால் வருவதைப் பார்த்ததும் அந்த அம்மாள் தின்னர் டப்பாவைக் கீழே வைத்தார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நேத்து இவங்க சொன்னதைப் படி."

படித்தேன். "அந்த ஒரு பழைய டயரையும் என் வீட்டுக்காரர்..."

"அடிச்சிருக்கிறதைப் படி."

என் நோட்டை மேடம் தினமும் பார்ப்பார் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் காது சுட்டது. "நாலு" என்று படித்தேன்.

"போலீசுக்கே தெரிஞ்சது ஒரு டயர்தான். யார்டுக்கு யாருமே போகல. மீதி மூணும் பழசுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

அந்த அம்மாள் மெஷினைப் பிடித்துக்கொண்டார். தம்பியைத்தான் பார்த்தார். "நீயா சொன்ன?"

"இல்லக்கா. பெடலைக் கேட்டாங்க."

"இவரு தூங்கினப்புறம் சாவியை எடுத்துட்டு வந்தேன்" என்றார், ரொம்பச் சாதாரணமாக. "லைசென்ஸ் போயிட்டா இவன் என்ன பண்ணுவான் மேடம்? ஒரு ராத்திரிதானேன்னு மிதிச்சேன்."

"உங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்" என்றார் மேடம். "கோடு பாதி நிக்கறதைப் போலீஸ் போட்டோவுலயே பாத்திருப்பார். தன் மெஷின்ல ஒருத்தரால டயர் மாத்த முடியாதுன்னும் அவருக்குத் தெரியும். பெடல் மிதிக்க இந்த ஊர்ல யார் இருக்காங்கன்னும் தெரியும். அதனாலதான் வாயைத் திறக்கல. இன்னும் எத்தனை வருஷம் ஆனாலும் திறக்க மாட்டார்."

அந்த அம்மாளின் முகத்தில் அப்போதுதான் ஏதோ விரிந்தது. அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. கணவர் பயந்துபோய்ப் பேசாமல் இருக்கிறார் என்றுதான் நினைத்திருக்கிறார்.

"அப்புறம் எதுக்கு எங்ககிட்ட வந்தீங்க?" என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன்.

"இவரு வெளிய வரணும், இவன் உள்ள போகக் கூடாது தம்பி. வேற யாராவது செஞ்சிருப்பாங்கன்னு நீங்க கண்டுபிடிச்சிடுவீங்கன்னு நெனச்சேன்."

"யாரை? டாக்டரோட புருஷனையா?"

"அவருக்கு இனிமே யாருமே இல்லையே" என்றார். குரலில் வெறுப்பு இல்லை. யோசித்து வைத்திருந்த ஒன்றைச் சொல்வது போல இருந்தது. "குழந்தை இல்ல. பொண்டாட்டியும் போயிட்டா. அவரு உள்ள இருந்தா என்ன, வெளிய இருந்தா என்ன?"

மேடம் போலீசைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தம்பி அவர் பின்னாலேயே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

உள்ளே நானும் அந்த அம்மாளும் மட்டும் இருந்தோம். அவர் கிட்டே வந்து என் நோட்டைத் தொட்டார்.

"தம்பி, நீ 'ஒரு'ன்னுதானே திருத்தி எழுதியிருக்க? இவன் என் பேரைச் சொல்ல மாட்டான். அவரும் சொல்ல மாட்டாரு. எழுத்துல என்னைக் காட்டிக்குடுக்கறது அந்த 'நாலு' ஒண்ணுதான். அது மட்டும் அப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. அவரு வெளிய வர்றப்ப வீட்டுல யாராவது இருக்கணும் இல்ல?"

அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். அழகாக, நேராக, ஒரே கோட்டில் அடித்திருந்தேன். அடித்தது கீழே தெளிவாகத் தெரிந்தது. ஒரு பேனாவால் இன்னும் இரண்டு தரம் அழுத்திக் கிறுக்கினால் தெரியாமல் போய்விடும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். யோசிக்க என்ன இருந்தது என்று இப்போது எனக்கே தெரியவில்லை. ஆனால் அப்படித்தான் சொன்னேன். சொன்னதை எழுத வேண்டும்.

திரும்பும் வழியில் மேடம் நோட்டைக் கேட்கவில்லை. "ஆஸ்பத்திரி வழியா போவோம்" என்றார். வாசல் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையில் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி. மேடம் காரை நிறுத்தவில்லை, மெதுவாக ஓட்டினார், அவ்வளவுதான். எனக்காகத்தான் அந்த வழியாக வந்தார் என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம்.

இன்று வகுப்புக்குப் போகவில்லை.

நாளை: காலை ஒன்பதுக்கு யார்டு. போலீஸ் முன்னிலையில் ஸ்டெப்னியை இறக்கி, ரிம்மிலிருந்து பிரிக்காமல் எடுத்துவர வேண்டும். டாக்டரின் பூட்ஸைக் கேட்டு வாங்கி அவர் கணவரிடம் கொடுக்க வேண்டும். பத்தரைக்கு நீதிமன்றம். நேற்றைய பக்கத்தைத் திறந்து, அந்த அம்மாள் சொன்னது 'நாலு', அதை அடித்தது நான் என்று கடைக்காரரின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும்.